தோள் காயம்: வலி நின்றுவிட்டால் ஆறிவிட்டதா?

ஜிம்மில் ‘தோள் வலிக்குது’ என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள், ஆளுக்கொரு வைத்தியம் வரும். ஒருவர் ஐஸ் வைக்கச் சொல்வார். இன்னொருவர் ஒரு மாதத்துக்குக் கையைத் தூக்கவே கூடாது என்பார். வலியோடு சேர்த்தே எடை தூக்கினால் தானாகச் சரியாகிவிடும் என்று ஒருவர் தைரியம் கொடுப்பார். கடைசியில் யாராவது ‘ஜவ்வு கிழிஞ்சிருக்கும், ஆபரேஷன்தான்’ என்று வயிற்றில் புளியைக் கரைப்பார்.

இந்த நான்கு பேரும் தங்களுக்குத் தெரிந்த நான்கு வெவ்வேறு காயங்களை மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள். தோள்வலி என்பது ஒரே கோளாறு இல்லை என்பதால் வரும் குழப்பம் இது. இதைவிடப் பெரிய குழப்பம் இன்னொன்று உண்டு. வலி நின்ற நாளைத்தான் பலரும் குணமான நாளாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். மூன்று வாரம் ஓய்வு, வலி போச்சு, நான்காவது வாரம் பழைய எடையோடு பெஞ்சில் படுத்தாயிற்று, ஐந்தாவது வாரம் மறுபடி அதே வலி. இப்படியே ஒரு வருடத்தை ஓட்டுபவர்கள் ஏராளம். இந்தச் சுற்று ஏன் நடக்கிறது, அதிலிருந்து எப்படி வெளியே வருவது என்று பார்க்கலாம். அதற்கு முதலில் தோள் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று தெரிய வேண்டும்.

## தட்டின் மேல் பந்து

ஒரு சின்னத் தட்டைச் செங்குத்தாகப் பிடித்து, அதைவிடப் பெரிய பந்து ஒன்றை அதன்மேல் ஒட்டி வையுங்கள். நிற்காது. பந்தைச் சுற்றிலும் ரப்பர் பட்டைகளைக் கட்டி எல்லாப் பக்கமும் சமமாக இழுத்துப் பிடித்தால்தான் நிற்கும். உங்கள் தோள் மூட்டின் நிலைமை இதுதான்.

பந்து என்பது மேற்கை எலும்பின் உருண்டையான தலை. தட்டு என்பது முதுகின் மேல்பக்கம் முக்கோணமாகக் கிடக்கும் தோள்பட்டை எலும்பின் ஓரத்தில் உள்ள ஆழமில்லாத குழி. எந்த நேரத்திலும் பந்தின் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் தட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். இடுப்பிலும் பந்தும் குழியும்தான் இருக்கின்றன, ஆனால் அங்கே குழி ஆழமானது. அதனால் இடுப்பு லேசில் கழலாது. கையைச் சுழற்றுகிற மாதிரி காலைச் சுழற்றவும் முடியாது. அசைவு வேண்டும் என்பதற்காக உறுதியை விட்டுக்கொடுத்த மூட்டு தோள்.

அப்படி விட்டுக்கொடுத்ததை ஈடுகட்டச் சில ஏற்பாடுகள் இருக்கின்றன. தட்டின் விளிம்பைச் சுற்றி ஒரு குருத்தெலும்பு வளையம் ஓடி, குழியைக் கொஞ்சம் ஆழமாக்குகிறது. இதற்கு லேப்ரம் என்று பெயர். மூட்டு முழுவதையும் ஒரு மூட்டுப் பை மூடியிருக்கிறது. அந்தப் பையும் அதில் உள்ள இணைப்பு நார்களும் கை அதன் கடைசி எல்லைக்குப் போகும்போதுதான் இறுகும். இடைப்பட்ட அசைவு முழுவதிலும் பந்தைத் தட்டில் பிடித்து வைக்கிற வேலை தசைகளுடையது.

அந்தத் தசைகளின் கூட்டுப் பெயர்தான் ரொட்டேட்டர் கஃப். தோள்பட்டை எலும்பில் தொடங்கிப் பந்தின் முன்னும் மேலும் பின்னும் போய் ஒட்டிக்கொள்ளும் நான்கு சிறு தசைகள் அவை. தசை எலும்போடு சேரும் இடத்தில் இருக்கும் உறுதியான வெள்ளைத் திசுவுக்குத் தசைநாண் என்று பெயர். விளையாட்டிலும் எடை தூக்குவதிலும் வரும் தோள் பிரச்சினைகளில் பெரும்பங்கு இந்தக் கஃபின் தசைநாண்களில்தான். அதிலும் பந்தின் உச்சிக்குப் போகிற சுப்ராஸ்பைனேடஸ் என்ற தசையின் நாண்தான் அதிகம் மாட்டிக்கொள்ளும்.

கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது தோளின் மேல் புடைத்துத் தெரிகிற டெல்டாய்டு தசை மேற்கை எலும்பை மேல்நோக்கி இழுக்கிறது. அதை மட்டும் தனியாக விட்டால் பந்து தட்டிலிருந்து மேலே நழுவும். அதே நொடியில் கஃப் பந்தை உள்ளேயும் கீழேயுமாக இழுத்து நடுவில் நிறுத்துகிறது. டெல்டாய்டு பலசாலி, கஃப் நிதானி. கண்ணாடியில் தெரிவது டெல்டாய்டு மட்டும்தான். ஜிம்மில் கஃபை யாரும் சீண்டாததற்கு இதுவே காரணமாக இருக்கும் என்பது என் சந்தேகம்.

இன்னொரு விஷயம், தட்டும் அசையும். கை தொங்கும் நிலையிலிருந்து தலைக்கு மேல் போகும் சுமார் 180 டிகிரியில் ஏறக்குறைய 120 டிகிரியைப் பந்தும், மீதி 60 டிகிரியைத் தோள்பட்டை எலும்பும் பங்கு போட்டுக்கொள்கின்றன. இதைத் தொட்டே பார்க்கலாம். இடது கையை வலது அக்குளுக்குக் கீழே விட்டு, விலாவின் பின்பக்கம் விரல்களை வையுங்கள். தோள்பட்டை எலும்பின் கீழ்முனை தட்டுப்படும். இப்போது வலது கையை மெதுவாகத் தூக்குங்கள். முதலில் அந்த முனை பெரிதாக நகராது. பாதி வழி போனபின் விரலைத் தள்ளிக்கொண்டு முன்பக்கமாகச் சுழன்று வரும். அந்தச் சுழற்சி பிந்தினாலோ குறைந்தாலோ, மீதி வேலையும் பந்தைப் பிடித்திருக்கும் சிறு தசைகளின் தலையில் விழுகிறது.

சுருக்கமாக: தோளை எலும்பைவிடத் தசைகளே அதிகம் தாங்கிப் பிடிக்கின்றன. ஆகவே அதைச் சரிசெய்வதும் பெரும்பாலும் தசைகள், தசைநாண்கள் வழியாகத்தான்.

## என்ன அடிபடுகிறது?

காயங்களை ‘ஒரே நொடியில் வந்தது’, ‘மெல்ல மெல்லச் சேர்ந்தது’ என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

மெல்லச் சேர்வதில் முதலிடம் கஃபின் தசைநாண் தேய்வுக்கு. தாங்கும் அளவைவிட அதிகச் சுமை மறுபடி மறுபடி விழும்போது தசைநாணின் இழைகள் ஒழுங்கு குலைந்து தடித்துப்போகின்றன. கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது ஏறத்தாழ 60 டிகிரியில் வலி தொடங்கி 120 டிகிரி தாண்டியதும் குறைந்தால், அது இதன் அடையாளமாக இருக்கலாம். வலி தோளின் உச்சியைவிட மேற்கையின் வெளிப்பக்கத்தில் தெரியும். அந்தப் பக்கமாகப் படுத்தால் தூக்கம் கெடும். பந்து எறிபவர்கள், நீச்சல்காரர்கள், பேட்மிண்டனிலும் வாலிபாலிலும் தலைக்கு மேல் அடிப்பவர்கள், பெஞ்ச் பிரஸ் (பெஞ்சில் மல்லாந்து படுத்து எடையை மார்பிலிருந்து மேலே தள்ளுவது) எடையைத் திடீரென்று ஏற்றியவர்கள் எல்லாரும் இந்த வரிசையில் நிற்பார்கள்.

இந்த வலிக்கு நீண்ட காலம் வேறு ஒரு விளக்கம் இருந்தது. 1972-இல் சார்ல்ஸ் நீர் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், கஃபுக்கு மேலே கூரையாக நிற்கும் எலும்பு முனை தசைநாணை உரசுவதுதான் காரணம் என்று எழுதினார். எலும்பைக் கொஞ்சம் சீவிவிட்டால் இடம் கிடைக்கும், வலி போகும் என்பது அதிலிருந்து வந்த சிகிச்சை. உலகெங்கும் லட்சக்கணக்கானோருக்கு அந்த அறுவை நடந்தது. 2017-இல் பிரிட்டனின் 32 மருத்துவமனைகளில் 313 பேரை வைத்து நடத்திய ஆய்வு வெளியானது. ஒரு பிரிவினருக்கு எலும்பைச் சீவினார்கள். இன்னொரு பிரிவினருக்கு உள்ளே கருவியை விட்டுப் பார்த்ததோடு சரி, எதையும் சீவவில்லை. மூன்றாவது பிரிவினருக்கு அறுவையே இல்லை. சீவியவர்களுக்கும் சும்மா பார்த்துவிட்டு மூடியவர்களுக்கும் நடுவே பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. 2019-இல் சர்வதேச வல்லுநர் குழு ஒன்று இந்த வகைத் தோள்வலிக்கு அந்த அறுவை வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. எலும்பு உரசல் என்ற படம் மனத்தில் எளிதாகப் பதிந்துவிடுவதால் இன்னும் பலர் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

எடை தூக்குபவர்களுக்கென்றே ஒன்று இருக்கிறது. தோளின் உச்சியில், காறை எலும்பு முடியும் இடத்தில் விரலை வைத்தால் பளிச்சென்று வலிக்கும். கையை மார்புக்குக் குறுக்கே எதிர்த் தோள் பக்கம் கொண்டுபோனால் அதிகமாகும். பெஞ்ச் பிரஸ், டிப்ஸ் (இரு கம்பிகளில் கையை ஊன்றி உடலை இறக்கி ஏற்றுவது) ஆகியவற்றில் வருடக்கணக்காக அழுத்தம் வாங்கிக் காறை எலும்பின் முனை அரிக்கத் தொடங்கியதன் விளைவு அது. எடையைக் குறைத்து, கை கீழே இறங்கும் ஆழத்தையும் குறைத்தால் பெரும்பாலும் அடங்கும்.

ஒரே நொடியில் வருவதில் பெரியது, பந்து தட்டைவிட்டு வெளியே வந்துவிடுவது. தோள் இறங்கிவிட்டது என்பார்கள். பெரும்பாலும் முன்பக்கமாகத்தான் கழலும். எறியத் தயாராவது போல் கை பக்கவாட்டில் உயர்ந்து பின்னுக்குத் திரும்பியிருக்கும்போது யாராவது பிடித்து இழுத்தாலோ, கையை ஊன்றி விழுந்தாலோ நடக்கும். கழலும்போது பந்து லேப்ரத்தின் முன்விளிம்பைப் பிய்த்துவிடுவது வழக்கம். இருபது வயதையொட்டிய விளையாட்டு வீரர்களுக்கு மறுபடியும் கழலும் வாய்ப்பு மிக அதிகம். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு அந்த ஆபத்து குறைவு, ஆனால் கழன்றபோதே கஃப் கிழிந்திருக்கும் சாத்தியம் கூடுதல். ஒரே விபத்துக்கு வெவ்வேறு வயதில் வெவ்வேறு விதமான சிகிச்சை என்பது இதனால்தான்.

பெஞ்ச் பிரஸில் பாரைக் கீழே இறக்கும்போது மார்புக்கும் கைக்கும் நடுவே ‘டப்’ என்று ஏதோ அறுந்த மாதிரி இருந்து, பிறகு மேற்கையில் நீலம் பாரித்தால் மார்புத் தசையின் நாண் அறுந்திருக்கலாம். அக்குளின் முன்பக்க மடிப்பு ஒரு பக்கம் மட்டும் காணாமல் போயிருக்கும். இதைச் சுளுக்கு என்று நினைத்து நாள் கடத்தக் கூடாது. தைக்க வேண்டியிருந்தால் முதல் சில வாரங்களுக்குள் தைப்பதுதான் நல்லது.

அப்புறம், விளையாட்டுக் காயம் என்று தவறாக நினைக்கப்படுகிற ஒன்றும் உண்டு: உறைந்த தோள். 40 முதல் 60 வயதுக்காரர்களுக்கும், குறிப்பாக நீரிழிவு உள்ளவர்களுக்கும் மூட்டுப் பையே தடித்துச் சுருங்கிவிடும். கஃப் வலியில் நீங்களாகத் தூக்க முடியாத கையை இன்னொருவர் தூக்கிவிட்டால் மேலே போகும். உறைந்த தோளில் யார் தூக்கினாலும் போகாது. இரண்டுக்கும் வழி வேறு.

## ஸ்கேன் சொல்வதும் சொல்லாததும்

எம்.ஆர்.ஐ. அறிக்கையில் ‘பகுதிக் கிழிசல்’ என்ற வார்த்தையைப் பார்த்ததும் பலருக்குத் தூக்கம் போய்விடும். 1995-இல் வெளியான ஒரு ஆய்வில், தோளில் எந்தத் தொந்தரவும் இல்லாத 96 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 34 சதவீதம் பேருக்குக் கஃபில் கிழிசல் இருந்தது. 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் அது 54 சதவீதம். இவர்கள் யாருக்கும் வலி கிடையாது.

அதற்காக ஸ்கேன் வீண் என்று பொருள் இல்லை. விழுந்து அடிபட்டவருக்கும், கையைத் தூக்கவே முடியாதவருக்கும் அது அவசியம். வயதாக ஆக முகத்தில் சுருக்கம் விழுகிற மாதிரி தசைநாணிலும் மாற்றங்கள் வரும். படத்தில் தெரியும் மாற்றம்தான் வலிக்குக் காரணமா என்பதை, கையை அசைத்தும் வலுவைச் சோதித்தும் பார்க்கிற மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோதான் சொல்ல முடியும். அறிக்கையை மட்டும் வாசித்து முடிவெடுக்காதீர்கள்.

## தாமதிக்கக் கூடாதவை

தோள் கழன்றிருந்தால் அந்த இடத்திலேயே இழுத்துப் பொருத்தப் பார்க்காதீர்கள். எலும்பு முறிவும் சேர்ந்திருக்கலாம், பக்கத்தில் ஓடும் நரம்பு நசுங்கலாம். கை எந்த நிலையில் இருக்கிறதோ அப்படியே துணியால் தாங்கிப் பிடித்து மருத்துவமனைக்குப் போவதுதான் முதலுதவி.

விழுந்த பிறகு கையைத் தூக்க முடியவில்லை, தோளின் வடிவம் மாறியிருக்கிறது, கை மரத்துப்போகிறது அல்லது வலுவிழக்கிறது, தோள் சிவந்து சூடாகிக் காய்ச்சலும் அடிக்கிறது, காரணமில்லாமல் உடல் இளைத்து இரவில் ஓயாத வலி இருக்கிறது என்றால் காத்திருக்க வேண்டாம். தோளை அசைத்தாலும் அசைக்காவிட்டாலும் ஒரே மாதிரி இருக்கும் வலி வேறு இடத்திலிருந்து வரலாம். கழுத்து நரம்பு ஒரு சாதாரணக் காரணம். இடது தோள் வலியோடு மார்பு இறுக்கமும் மூச்சுத் திணறலும் வியர்வையும் சேர்ந்தால் அதை மாரடைப்பாகவே கருதி அவசர உதவியை அழைக்க வேண்டும்.

## தசைநாண் எப்படி ஆறுகிறது?

சரி, ஆபத்தான எதுவும் இல்லை என்று தெரிந்துவிட்டது. உள்ளே என்ன நடக்கிறது?

திசு கிழிந்தவுடன் முதல் சில நாட்கள் அழற்சிக் கட்டம். இரத்த ஓட்டம் கூடி, துப்புரவு செய்யும் உயிரணுக்கள் வந்து சேரும். வீக்கமும் சூடும் வலியும் இதன் பக்கவிளைவுகள். அடுத்து, சுமார் ஆறு வாரம் வரை கட்டுமானக் கட்டம். கொலாஜன் என்ற புரத இழைகள் அவசர அவசரமாகப் போடப்படும். அவசர வேலை என்பதால் இழைகள் கன்னாபின்னாவென்று எல்லாத் திசையிலும் கிடக்கும். இடைவெளி மூடிவிட்டது, ஆனால் வலு இல்லை. மூன்றாவது சீரமைப்புக் கட்டம். இழுவிசை எந்தத் திசையில் வருகிறதோ அந்தத் திசையில் இழைகள் அடுக்கி நெருக்கப்படும். இது மாதக்கணக்கில், சில சமயம் ஒரு வருடத்துக்கும் மேல் நீளும்.

வலி பெரும்பாலும் இரண்டாவது கட்டத்திலேயே அடங்கிவிடுகிறது. வலு மூன்றாவது கட்டத்தில்தான் வருகிறது. நடுவில் இருக்கும் இந்தப் பள்ளத்தில்தான் ஆரம்பத்தில் சொன்ன நான்காவது வாரத்து ஆள் விழுகிறார்.

ஓய்வை நீட்டினால் மட்டும் பள்ளம் தூர்ந்துவிடாது. இழைகளை எந்தத் திசையில் அடுக்க வேண்டும் என்று தசைநாணின் உயிரணுக்களுக்குத் தெரிவதே இழுவிசை மூலம்தான். இழுப்பு இல்லாவிட்டால் தகவல் இல்லை. கையை அசைக்காமலே வைத்திருந்தால் தசை மெலியும், தசைநாணின் விறைப்பு குறையும், மூட்டுப் பை இறுகும். அப்புறம் திரும்பிப்போகும்போது பழைய எடை அதே எடைதான், தோள் மட்டும் முன்பைவிட நோஞ்சானாக இருக்கும்.

தசை சில வாரங்களிலேயே வலுவடைந்துவிடும், தசைநாண் அதற்குப் பின்னால் மெதுவாகத்தான் வரும். தசையைப் பெருக்குவதற்காக அனபாலிக் ஸ்டீராய்டு எடுத்துக்கொள்பவர்களிடம் இந்த இடைவெளி இன்னும் விரிகிறது. அவர்களுக்குத் தசைநாண் அறுவது அதிகமாகக் காணப்படுவதற்கு அது ஒரு காரணம். புகைபிடிப்பதும் கட்டுக்குள் வராத நீரிழிவும் தசைநாண் ஆறுவதைத் தாமதப்படுத்துகின்றன.

இதுவரை பார்த்ததில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது: ஓய்வு வலியைக் குறைக்கும், அளவான சுமை வலுவைத் திருப்பித் தரும். இரண்டும் வேண்டும், வேறு வேறு நேரத்தில்.

## முதல் சில நாட்கள்

அடிபட்டவுடன் ஐஸ், ஓய்வு, கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கும் பலருக்கு மனப்பாடம். 1978-இல் கேப் மிர்கின் என்ற மருத்துவர் அதைப் பிரபலமாக்கினார். பல ஆண்டுகளுக்குப் பிறகு அவரே ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று சொல்லிவிட்டார். வலிக்கு இதமாகப் பத்துப் பதினைந்து நிமிடம் துணியில் சுற்றி ஐஸ் வைப்பதில் தவறில்லை. அது வலியைக் குறைக்கிறதே தவிர ஆற்றுவதில்லை என்று தெரிந்து வைத்தால் போதும்.

முதல் இரண்டு மூன்று நாட்கள் வலியைக் கூட்டும் அசைவுகளைத் தவிர்த்துவிட்டு, அதன்பின் கையை அசைக்க ஆரம்பிக்கலாம். மேசையில் நல்ல கையை ஊன்றிக் குனிந்து, வலிக்கும் கையைத் தளர்வாகத் தொங்கவிட்டுச் சின்னச் சின்ன வட்டம் போடுவது பழைய, எளிய பயிற்சி. கழன்ற தோளுக்கும் தைத்த தோளுக்கும் இது பொருந்தாது, அங்கே அறுவை செய்தவர் சொல்லும் கணக்குதான்.

இரவு பெரிய தொல்லை. மல்லாந்து படுத்து, முழங்கைக்கும் மேற்கைக்கும் கீழே ஒரு தலையணை வைத்துக் கையைச் சற்று முன்னால் தாங்கிக்கொண்டால் பலருக்குத் தூக்கம் வரும். வலி மாத்திரை தூங்குவதற்கு உதவினால் மருத்துவரைக் கேட்டுச் சாப்பிடலாம். பயிற்சிக்கு முன்னால் போட்டுக்கொண்டு ஜிம்முக்குப் போவதுதான் மோசம், எந்த எடையில் நிறுத்த வேண்டும் என்று சொல்லவேண்டிய வலியை அது வாயடைத்துவிடும்.

வலிக்காக மருத்துவர் போடும் ஸ்டீராய்டு ஊசியும் அப்படித்தான். சில வாரங்களுக்கு வலி நன்றாகக் குறையும். அந்த நேரத்தைப் பயிற்சிக்குப் பயன்படுத்தினால் லாபம். ஊசி போட்ட சுகத்தில் பழைய எடைக்குப் போனாலோ, திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டாலோ தசைநாண்தான் பலவீனமாகும்.

## சுமையைத் திரும்பக் கற்றுக்கொடுத்தல்

இங்கிருந்துதான் உண்மையான சிகிச்சை. முதலில், அசையாமல் அழுத்துவது. முழங்கையை 90 டிகிரி மடக்கி உடலோடு ஒட்டி, சுவர் ஓரமாக நின்று, புறங்கையால் சுவரைத் தள்ளுங்கள். பாதி பலம் போதும். 30 முதல் 45 வினாடி பிடித்து, நான்கைந்து முறை. மூட்டு அசையாததால் வலி குறைவு, தசைநாணுக்கு இழுப்பும் கிடைக்கும்.

அது சுலபமானதும் அசைவோடு சேர்த்து. நல்ல தோள் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுங்கள். மேலே இருக்கும் கையின் முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். முழங்கை மடங்கியே இருக்க, ஒரு கிலோ டம்பெல்லை வயிற்றுப் பக்கத்திலிருந்து கூரைப் பக்கமாகத் திருப்புங்கள். துண்டு நழுவி விழுந்தால் டெல்டாய்டு வேலையைப் பிடுங்கிக்கொண்டது என்று அர்த்தம். இறக்கும்போது மூன்று நான்கு வினாடி எடுத்துக்கொள்ளுங்கள், பலன் அதிகம் இருப்பது அந்தப் பாதியில்தான். நூறு கிலோ பெஞ்ச் போட்டவர்கள் ஒரு கிலோவில் பன்னிரண்டாவது ரெப்புக்குக் கை நடுங்கி நிற்பதைப் பார்க்கலாம். கஃபுக்கு அது கௌரவக் குறைச்சல் இல்லை.

தட்டையும் மறந்துவிடக் கூடாது. ரப்பர் பேண்டை நெஞ்சு நோக்கி இழுக்கும் ரோ, சுவரில் செய்யும் புஷ்-அப்பின் முடிவில் தோள்பட்டைகளை இன்னும் ஒரு அங்குலம் முன்னே தள்ளுவது, இந்த இரண்டும் தோள்பட்டை எலும்பைச் சுழற்றும் தசைகளுக்கு நல்ல ஆரம்பம். வாரம் மூன்று நாள், மூன்று செட், 12 முதல் 15 ரெப் என்பது வழக்கமான அளவு. குறைந்தது 12 வாரமாவது செய்துவிட்டுத்தான் பலன் இல்லை என்று சொல்ல வேண்டும். ஆறாவது நாளில் கைவிடுபவர்கள்தான் அதிகம்.

எவ்வளவு வலி வரலாம்? வலியே கூடாது என்றால் யாரும் தொடங்க முடியாது. பூஜ்யம் முதல் பத்து வரையிலான அளவில் மூன்று வரை இருக்கலாம், அடுத்த நாள் அதே நேரத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்க வேண்டும். பயிற்சியின்போது ஒன்றுமே தெரியாமல் இரவில் படுக்க முடியாத அளவு குடைந்தால் அது அதிகப்படி. அடுத்த நாள் காலைதான் நம்பகமான சாட்சி.

இந்த நாட்களில் நல்ல கையைச் சும்மா விடாதீர்கள். ஒரு கைக்கு வலுப் பயிற்சி கொடுத்தால் அசையாமல் இருக்கும் மற்றக் கையின் வலு இழப்பும் ஓரளவு குறைகிறது. நரம்பு மண்டலம் செய்யும் வேலை அது.

## அறுவை யாருக்கு?

அடிபட்டு முழுதாகக் கிழிந்த கஃப், மறுபடி மறுபடி கழலும் தோள், அறுந்த மார்புத் தசைநாண், பல மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் மாறாத வலி. பெரும்பாலும் இவர்களுக்குத்தான். கஃபைத் தைத்தபின் நான்கு முதல் ஆறு வாரம் ஸ்லிங் (கையைத் தாங்கும் தொங்குகட்டு), வலுப் பயிற்சிக்குச் சுமார் மூன்று மாதம், கனமான எடைக்கும் எறிதலுக்கும் ஆறு மாதம் அல்லது அதற்கு மேல் என்பது பொதுவான கால அளவு. அறுவை, கிழிந்ததை எலும்போடு சேர்த்து வைக்கிறது. மேலே சொன்ன மூன்று கட்டங்களையும் அது தாண்டவைப்பதில்லை, அவை அங்கேதான் முதலிலிருந்து ஆரம்பிக்கின்றன.

## மறுபடி பாரின் கீழே

கை முழு உயரத்துக்கு வலியில்லாமல் போகிறதா, வெளிப்பக்கம் திருப்பும் வலு மற்றக் கையில் பத்தில் ஒன்பது பங்காவது வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் பெஞ்சுக்குத் திரும்ப வேண்டும். நாட்காட்டியை மட்டும் பார்த்துத் திரும்பக் கூடாது.

பெஞ்ச் பிரஸில் தோளுக்கு அதிகக் கஷ்டம், பார் மார்பைத் தொடும் அந்தக் கடைசி சில அங்குலங்களில். அப்போது முழங்கை உடலுக்குப் பின்னால் போய், பந்து தட்டின் முன்விளிம்பை நோக்கி நகர்கிறது. ஆகவே முதலில் தரையில் படுத்துச் செய்யும் பிரஸ். தரை முழங்கையைத் தடுத்துவிடும். பிடியைத் தோளின் அகலத்தைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேல் விரிக்காமல், முழங்கையை உடலிலிருந்து 45 டிகிரி அளவில் வைத்தால் அழுத்தம் குறையும். உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கும் டம்பெல் பிரஸ் இன்னும் எளிது. கழுத்துக்குப் பின்னால் இறக்கும் பிரஸும் புல்-டவுனும், கழன்ற தோளுக்கு ஆபத்தான அதே நிலையில் எடையோடு கையை வைக்கின்றன. அவற்றை விட்டால் நஷ்டம் எதுவும் இல்லை.

எறிபவர்கள் கதை வேறு. பேஸ்பால் பந்து எறியும் வீரர்களிடம் மேற்கை வினாடிக்கு 7,000 டிகிரிக்கு மேலான வேகத்தில் உள்நோக்கிச் சுழல்வதாக அளந்திருக்கிறார்கள். மனித உடலின் மிக வேகமான அசைவுகளில் அது ஒன்று. பந்து கையைவிட்டுப் போனபிறகு அவ்வளவு வேகத்தையும் பிடித்து நிறுத்துவது கஃபின் பின்பக்கத் தசைகள். அதனால் அவர்கள் முதலில் குறைந்த தூரம், குறைந்த வேகம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று ஆரம்பித்து, முதலில் எறிதலின் எண்ணிக்கையையும் அதன்பிறகே வேகத்தையும் ஏற்ற வேண்டும். ஒரே வாரத்தில் இரண்டையும் ஏற்றக் கூடாது.

எடைக்கும் அதே ஒழுங்குதான். முன்பு 80 கிலோ போட்டவர் 35, 40 கிலோவில் தொடங்கி, அடுத்த நாள் காலை சாட்சி சொன்னபிறகு இரண்டரை கிலோ சேர்க்கலாம். நடுவில் ஒரு நாள் வலி எட்டிப்பார்க்கும், அநேகமாக எல்லோருக்கும். அப்போது மறுபடி ஒரு மாத ஓய்வுக்குப் போய்விடாமல், கடைசியாகத் தொந்தரவு தராத எடைக்கு இறங்கி ஒரு வாரம் அங்கேயே இருந்துவிட்டு ஏறுங்கள்.